பாம்புக்கடி அறையின் சாவி

மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு வகுப்பு வைக்கலாம் என்று முதலில் யோசித்தவரைப் பிடித்து, ஒரு வாரம் அந்த வகுப்பை எடுக்கச் சொல்ல வேண்டும். நான் பல வருஷமாக எடுத்துக்கொண்டிருந்தேன். பாறசாலைக்கும் நெய்யாற்றின்கரைக்கும் இடையில் உள்ள ஒரு மருத்துவக் கல்லூரியில், பொது மருத்துவத் துறையில் எனக்கு வேலை. பாம்புக்கடி என் பங்குக்கு விழுந்த பாடம். அறையை இருட்டாக்கித் திரையில் படங்களை ஓட்டுவேன். வரிசை வரிசையாகத் தலைகள் சாயும். பின்வரிசையில் யாராவது குறட்டை விட்டால் பக்கத்தில் இருப்பவன் இடிப்பான். ஆசிரியர் மேல் அவ்வளவு மரியாதை.

இந்த ஊர்ப்பக்கத்தில் பாம்புக்கடி என்பது புத்தகச் சமாச்சாரம் இல்லை. விடியுமுன் நெற்றியில் விளக்கைக் கட்டிக்கொண்டு ரப்பர் தோட்டத்துக்குப் பால் வெட்டப் போகிறவர்கள் இங்கே ஏராளம். அணலி என்று இங்கே சொல்லும் கண்ணாடி விரியனும் அந்த நேரத்தில்தான் சருகுக்குள் படுத்திருக்கும். கடிபட்டவரை ஆட்டோவில் தூக்கிப்போட்டுக்கொண்டு வருவார்கள். நாளைக்கு அவரைப் பார்க்கப்போகிற பிள்ளைகள் இன்றைக்கு என் முன்னால் வாயைத் திறந்துகொண்டு தூங்குகிறார்களே என்று எனக்குக் கோபம் பொத்துக்கொண்டு வரும். பிறகு என் குரலை நானே கொஞ்சநேரம் கவனித்துக் கேட்பேன். கோபம் போய்விடும்.

இதற்கு ஒரு வழி பெங்களூரில் கிடைத்தது. அங்கே வேலை பார்க்கும் மகள், என்னையும் அவள் அப்பாவையும் ஒரு பெரிய கடைத்தொகுதிக்கு அழைத்துப்போய் 'எஸ்கேப் ரூம்' என்ற விளையாட்டுக்குப் பணம் கட்டினாள். நாலைந்து பேரை ஓர் அறைக்குள் விட்டுப் பூட்டிவிடுவார்கள். உள்ளே ஒளித்து வைத்திருக்கும் துப்புகளைக் கண்டுபிடித்து, பூட்டுப் பூட்டாகத் திறந்து, சொன்ன நேரத்துக்குள் வெளியே வர வேண்டும். காசு கொடுத்து யாராவது தன்னைப் பூட்டிக்கொள்வார்களா என்று முனகிக்கொண்டே போனேன். கொஞ்ச நேரத்தில் மேசைக்கு அடியில் மண்டியிட்டு, மகளை முழங்கையால் தள்ளிவிட்டு, ஒரு மரப்பெட்டியைப் போட்டு உலுக்கிக்கொண்டிருந்தேன். அதுவும் மதியச் சாப்பாட்டுக்குப் பிறகுதான். ஒருவருக்கும் கொட்டாவிகூட வரவில்லை. திரும்பி வந்த ரயிலில் எனக்கு வேறு நினைப்பே இல்லை.

எங்கள் துறைத்தலைவர் நெய்யாற்றின்கரைக்காரர். நல்ல மருத்துவர், சிரிப்பதில் மட்டும் சிக்கனம். என் திட்டத்தைக் கேட்டுவிட்டு, "பூட்டிப் போட்டு விளையாடறதா? காலேஜிலயா?" என்றார். நான் விடவில்லை. நாள்தோறும் அவர் அறை வாசலில் போய் நின்றேன். கடைசியில், அவசரப் பிரிவுக்குப் பின்னால் உடைந்த கட்டில்களைப் போட்டுவைத்திருந்த அறையைக் காட்டி, பழைய கோப்புகளை அடுக்க இரும்பு ரேக்குகள் வரும்வரை வைத்துக்கொள்ளுங்கள் என்றார்.

அந்த அறையைப் பால்வெட்டுக்காரரின் கொட்டகையாக மாற்றினேன். ரப்பர் ஷீட், பால் பிடிக்கும் சிரட்டை, நெற்றி விளக்கு எல்லாம் வீட்டிலிருந்தே வந்தன. என் கணவருக்கு அமரவிளையில் ரப்பர் ஷீட் வாங்கி விற்கும் கடை. அறைக்குள் மூன்று பூட்டு. முதல் பெட்டியில் சுத்தமான கண்ணாடிக் குழாய் ஒன்று. எத்தனை மணிக்குப் பாம்பு கடித்தது என்று நோயாளியிடம் கேட்டால் அதைத் திறக்கும் எண் கிடைக்கும். இரண்டாவது பெட்டியில் விஷமுறிவு மருந்து; அதன் எண், கடிபட்டவர் முழங்காலுக்குக் கீழே இறுக்கிக் கட்டியிருக்கும் துண்டில் எழுதியிருக்கும். கடிபட்டதும் துண்டால் இறுக்கிக் கட்டுவது இங்கே எல்லாரும் செய்கிற தவறு. அதைப் பார்த்ததும் அவிழ்த்துவிடுவது எங்கள் மாணவர்கள் செய்கிற தவறு. மருந்தைத் தயாராக வைத்துக்கொண்டு பையத்தான் தளர்த்த வேண்டும்.

மூன்றாவது பூட்டு கதவில். அதற்குத்தான் குழாய். அணலி கடித்தால் ரத்தம் உறையாமல் போகும். நோயாளியின் ரத்தத்தைக் குழாயில் எடுத்து, இருபது நிமிஷம் அசைக்காமல் வைத்து, பிறகு ஒரேயொரு முறை சாய்த்துப் பார்க்க வேண்டும். இதற்கு இயந்திரம் வேண்டாம், பொறுமை போதும். உறைந்தது, உறையவில்லை என்று எழுதி இரண்டு சாவிகளைச் சுவரில் தொங்கவிட்டேன். சரியான சாவிக்குத்தான் கதவு திறக்கும். ரத்தத்துக்கு என் அடுக்களையிலேயே வழி இருந்தது. சிவப்புச் சாயம் கலந்த வெந்நீரில் சைனா கிராஸ் என்ற கடல்பாசியைக் கரைத்தால் சற்று நேரத்தில் கட்டியாகி நிற்கும். கரைக்காமல் விட்டால் தண்ணீராகவே கிடக்கும். எந்தக் குழுவுக்கு எது என்பது எனக்கு மட்டும் தெரியும்.

நோயாளி வேஷத்துக்கு என் கணவரே கை தூக்கினார். எங்கள் சபையின் கிறிஸ்துமஸ் நாடகத்தில் வருஷம் தவறாமல் அவர் மேய்ப்பன். மேய்ப்பனுக்குப் பேச்சு கிடையாது. நட்சத்திரத்தைப் பார்த்து ஆச்சரியப்பட வேண்டும், அவ்வளவுதான். இப்போதுதான் முதன்முதலாகப் பேசும் வேஷம். ஒரே ஒரு நிபந்தனை வைத்தேன்: கேட்டால் மட்டும் பதில் சொல்ல வேண்டும்.

முதல் குழு உள்ளே போனது. நுழைவுத் தேர்வுப் பயிற்சியில் இரண்டு வருஷம் உருண்டு வந்த பிள்ளைகள். விடை தெரியாவிட்டாலும் விடையைப் பிடித்துவிடும் வித்தை அவர்களுக்குத் தெரியும். ஒருவன் உட்கார்ந்து முதல் பூட்டின் எண்களைப் பூஜ்யத்திலிருந்து வரிசையாகத் திருகித் திறந்துவிட்டான். இரண்டாவது பெட்டியின் கீலை ஒருத்தி கத்தரிக்கோலால் நெம்பினாள். மூன்றாமவன் சுவரிலிருந்த இரண்டு சாவியையும் எடுத்துப்போய் ஒன்றன்பின் ஒன்றாகப் போட்டுப் பார்த்தான். கால்மணி நேரத்துக்குள் அத்தனை பேரும் கூச்சல் போட்டுக்கொண்டு வெளியே வந்து ஒருவரையொருவர் கட்டிப்பிடித்துக் குதித்தார்கள்.

சத்தம் கேட்டுத் துறைத்தலைவர் வந்தார்.

"டாக்டரே, பாம்பு கடிச்ச ஆளு எங்க?"

உள்ளே எட்டிப் பார்த்தோம். என் கணவர் கட்டிலில் மல்லாந்து படுத்தபடி எங்களைப் பார்த்தார். "எனக்க காரியம் என்ன ஆச்சு?" என்று கேட்டார்.

துறைத்தலைவர் என் பக்கம் திரும்பினார். "நோயாளிய உள்ள போட்டுட்டு டாக்டர்மாரு தப்பிச்சு வாறதுக்கா இந்தப் படிப்பு?"

எனக்கு முகத்தை எங்கே வைப்பது என்று தெரியவில்லை. சிரிப்பும் வந்தது, அதை அடக்கியதில் கண்ணில் தண்ணீர் வந்தது. அவர் அதை அழுகை என்று எடுத்துக்கொண்டாரோ என்னவோ, குரலைக் கொஞ்சம் தணித்தார்.

"வெள்ளிக்கிழமை நானே வந்து பாக்கேன். நாப்பது நிமிஷம். வைத்தியத்த ஒழுங்கா பாத்து, நோயாளியையும் கூட்டிட்டு வெளிய வந்தா ரூம் உங்களுக்கு. இல்லைன்னா திங்கக்கிழமை ரேக்கு வந்து இறங்கும், கேட்டேளா?"

வீட்டுக்குப் போகும் வழியெல்லாம் என் கணவர் புலம்பினார். "ஒருத்தனும் எனக்க மொகத்தப் பாக்கல்ல. பாம்பு எங்ஙன கெடந்துது, எப்படிச் சீறிச்சுன்னு எல்லாம் படிச்சு வச்சிருந்தேன். கேட்டாத்தானே சொல்ல முடியும்?" மேய்ப்பன் வேஷமே மேல் என்றார்.

எனக்கு அந்த அறை வேண்டும். திரும்பவும் அந்த இருட்டு அறையில் நின்று, தூங்குகிற தலைகளிடம் படம் காட்ட என்னால் ஆகாது. அடுத்த நாளே பூட்டுகளை மாற்றினேன். சுவரிலிருந்த சாவிகளை எடுத்துவிட்டேன். கதவுக்குப் பக்கத்தில் கம்பி போட்ட ஒரு சன்னல் உண்டு. சாவியோடு நான் அதற்கு வெளியே நிற்பேன். உறைந்ததா இல்லையா என்று ஒரே ஒரு தடவை சொல்லலாம். நோயாளி சக்கர நாற்காலியில் ஏறியிருக்க வேண்டும். சரியாகச் சொன்னால் சாவி.

புதன்கிழமை இன்னொரு குழுவை வைத்து ஒத்திகை பார்த்தேன். ஆனால் நான் கணக்கில் சேர்க்காத ஒன்று இருந்தது. ஆட்டம் தொடங்குமுன் என் கணவர் அந்தப் பிள்ளைகளுக்கெல்லாம் சாயாவும் பழம்பொரியும் வாங்கிக் கொடுத்துச் சொந்தமாகிவிட்டார். அதனால் உள்ளே போனவர்கள் கட்டிலைச் சுற்றிக் கைகட்டி நின்றார்கள். "அங்கிளே, எந்து பற்றி?" என்று என்ன ஆனதென்று மலையாளத்தில் பணிவாகக் கேட்டார்கள். அதுவரை சரி. பாதத்தைப் பார்த்தார்கள். கணுக்காலைப் பார்த்தார்கள். அதற்கு மேலே என் கணவரின் முண்டு, அதாவது வேட்டி. மேடத்தின் வீட்டுக்காரருடைய முண்டை யார் தூக்குவது? ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். ஒரு பையன் சன்னலுக்கு வந்து, "மேம், அங்கிளுக்க முண்டு... அது வேண்டாம் அல்லே?" என்று கிசுகிசுத்தான். நான் பல்லைக் கடித்துக்கொண்டு நின்றேன். அவர்கள் மருந்துப் பெட்டியையும் முண்டையும் மாறிமாறிப் பார்த்து முடிப்பதற்குள் நேரம் தீர்ந்தது.

"காலப் பாக்காம பாம்புக்கடிக்கு என்ன பாப்பிய, ஜாதகமா?" என்று கத்தினேன். எல்லாரும் தலையைக் குனிந்துகொண்டார்கள். என் கணவர் மட்டும், "பாவம், நல்ல வளர்ப்புள்ள பிள்ளைய" என்றார்.

வெள்ளிக்கிழமை பழம்பொரி கிடையாது என்று சொல்லிவிட்டேன். ரப்பர் பால் ஒட்டி உலர்ந்த சட்டையை அவருக்குப் போட்டுவிட்டேன். உள்ளே போகப்போகிற ஐந்து பேரிடமும், "இன்னைக்கு இவரு எனக்கு யாருமில்ல. பால்வெட்டுக்காரராக்கும்" என்றேன். அவர் முகம் கொஞ்சம் வாடியது. அன்றைய குழாய்க்கு வெறும் சாயத்தண்ணீர்தான். சைனா கிராஸ் போடவில்லை. கிறிஸ்துமஸ் வரை காத்திருந்தாலும் அது உறையாது.

துறைத்தலைவர் சொன்ன நேரத்துக்கு வந்து சன்னலோரம் என் பக்கத்தில் நின்றார். கைப்பேசியில் நாற்பது நிமிஷம் வைத்தேன். கதவைப் பூட்டினேன்.

குழுவில் தனுவச்சபுரத்திலிருந்து பஸ்ஸில் வந்து படிக்கும் ஒரு பெண். வார்டில் நோயாளிக்குப் பின்னால் ஒதுங்கி நிற்பாள். கேள்வி கேட்டால் தரையைப் பார்ப்பாள். அவள் நேரே கட்டிலில் போய் உட்கார்ந்தாள்.

"மாமா, என்ன ஆச்சு? எப்பம் கடிச்சுது?"

இதற்காகத்தானே மனுஷர் ஒரு வாரமாகக் காத்திருந்தார். "அத ஏன் கேக்க மக்கா..." என்று தொடங்கினார். இல்லாத தோட்டத்தின் எல்லைத் தகராறு வந்தது. இல்லாத பசு வந்தது. காலையில் கடையில் பால் தீர்ந்து கட்டஞ்சாயா குடித்தது வந்தது. பாம்பு வரவே இல்லை. பெரியவர் பேசும்போது இடையில் எப்படி வெட்டுவது என்று ஐந்து பேரும் தலையை ஆட்டிக்கொண்டிருந்தார்கள். சன்னல் கம்பியை நான் பிடித்த பிடியில் கை வலித்தது. கேட்டால் பதில் சொல்லச் சொன்னேனே தவிர, நிறுத்தச் சொல்லவில்லை.

"ஆளு நல்லா நடிக்காரு" என்றார் துறைத்தலைவர்.

"எனக்க வீட்டுக்காரராக்கும் சார்."

"அது தெரியும்" என்றார்.

ஒருவழியாகப் பாம்பு வந்து கடித்து, மணியும் தெரிந்து, முதல் பெட்டி திறந்தது. அந்தப் பெண் அடுத்த வேலைக்குப் போனாள்.

"மாமா, முண்டக் கொஞ்சம் பொக்கட்டா? காலப் பாக்கணும்."

"பாரு மக்கா, அதுக்குத்தானே வந்தேன்" என்றார் என் கணவர். துண்டுக்கட்டு தெரிந்தது. பக்கத்தில் நின்றவன் அவிழ்க்கக் கையை நீட்டினான். அவள் அந்தக் கையைத் தட்டிவிட்டாள். "அவுக்காத. மருந்து கையில வரட்டு." எண்ணைப் படித்து, இரண்டாவது பெட்டியைத் திறந்து, மருந்தை எடுத்து வரிசையாக வைத்தார்கள். ரத்தம் எடுக்க வேண்டும் என்றார்கள். நான் சாயத்தண்ணீரைச் சன்னல் வழியாக நீட்டினேன். குழாயில் ஊற்றி மேசைமேல் வைத்தபோது கைப்பேசியைப் பார்த்தேன். கால்மணி நேரம்தான் மிச்சம். குழாய்க்கோ இருபது நிமிஷம் வேண்டும்.

உள்ளேயும் ஒருவன் அந்தக் கணக்கைப் போட்டுவிட்டான். மலப்புறத்துப் பையன், நெடிய உருவம், கையில் ஸ்டாப்வாட்ச். மலையாளத்தில் படபடவென்று பேசினான். நேரம் போதாது, கடித்தது அணலி, கால் வீங்கியிருக்கிறது, ஈறில் ரத்தம் என்று அங்கிளே சொல்கிறார், உறையாது என்பது பார்த்தாலே தெரிகிறது, உறையவில்லை என்று இப்போதே சொல்லிச் சாவியை வாங்கிவிடலாம்.

சொல்லுடா, என்று என் மனசு அடித்துக்கொண்டது. உள்ளதைச் சொல்கிறேன், அந்த நிமிஷம் நான் ஆசிரியையே இல்லை. அவன் நினைப்பது சரி. அவன் வாயைத் திறந்தால் அறை எனக்கு. அவன் சன்னலுக்கு வந்து என் முகத்தைப் பார்த்தான். நான் சாவியை இறுக்கிப் பிடித்துக்கொண்டேன்.

"ஒறஞ்சிருந்தா?" என்று பின்னாலிருந்து கேட்டாள் அந்தப் பெண்.

"உறையாது."

"ஒறஞ்சிருந்தா இப்பம் இந்த மருந்து வேண்டாம்லா? சும்மா ஏத்தி, ஒத்துக்காமப் போனா மாமாக்க காரியம் என்ன ஆவும்?" அவள் முதன்முறையாகக் குரலை உயர்த்தினாள். "நமக்கு வெளிய போறதா பெருசு?"

அவன் அவளைப் பார்த்தான், ஸ்டாப்வாட்சைப் பார்த்தான், என் கணவரைப் பார்த்தான். பிறகு ஒரு நாற்காலியை இழுத்து, யாரும் இடித்துவிடாதபடி மேசைக்கு முன்னால் குறுக்காகப் போட்டு உட்கார்ந்தான். போயிற்று அறை, என்று நினைத்தேன். திங்கட்கிழமை வந்து இறங்கும் இரும்பு ரேக்குகள் கண்முன்னால் தெரிந்தன. அழுகை முட்டியது, இந்தத் தடவை உண்மையாகவே. ஆனால் அந்த ஐந்து பேரையும் பார்க்கப் பார்க்க எனக்குப் பெருமையாகவும் இருந்தது. இரண்டையும் சேர்த்து வைத்துக்கொண்டு நிற்க இடம் போதவில்லை.

காத்திருப்பதில் இவர்களுக்குப் பழக்கமே கிடையாது. முதலில் நெளிந்தார்கள். பிறகு வேறு வேலை இல்லாததால் நோயாளியைப் பார்க்கத் தொடங்கினார்கள். ஒருத்தி நாடி பிடித்தாள். ஒருவன் வீக்கம் எதுவரை ஏறியிருக்கிறது என்று காலில் பேனாவால் கோடு போட்டான். மூச்சு முட்டுகிறதா, கண்ணைத் திறக்க முடிகிறதா என்று கேட்டார்கள். தனுவச்சபுரத்துப் பெண் அவர் கையைப் பிடித்துக்கொண்டு, "பயப்படாண்டாம் மாமா, நாங்க இஞ்ச உண்டு" என்றாள். இல்லாத பசுவைப் பற்றி ஒரு மணி நேரம் பேசக்கூடிய மனுஷர் வாயடைத்துப் போனார். "அந்தப் பிள்ள கையப் பிடிச்சப்பம் எனக்கு உண்மையிலயே பேடியா இருந்துது, செத்துப் போவனோன்னு" என்று பிறகு வீட்டில் சொன்னார்.

கைப்பேசி அலறியது. அடுத்த குழுவின் பிள்ளைகள் வேடிக்கை பார்க்க வாசலில் கூடியிருந்தார்கள். துறைத்தலைவர் என்னிடமிருந்து சாவியை வாங்கிக் கதவைத் திறந்து, சாவியை என் கையில் திருப்பித் தந்தார்.

"சமயம் ஆச்சு. எல்லாரும் வெளிய வரலாம்."

ஒருவரும் எழுந்திருக்கவில்லை. நெடிய பையன் மட்டும் மேசையை மறைத்தபடி திரும்பினான். "சார், ப்ளீஸ் சார். இனியும் அஞ்சு நிமிஷம் உண்டு."

"களி தீர்ந்து, மோனே" என்று விளையாட்டு முடிந்ததை மலையாளத்தில் சொன்னார் துறைத்தலைவர்.

"தீரட்டும் சார். குழாய் தீரல்ல" என்றாள் அந்தப் பெண். பிடித்த கையை விடவில்லை.

துறைத்தலைவர் உள்ளே வந்தார். வரிசையாக வைத்திருந்த மருந்தைப் பார்த்தார். காலில் போட்ட கோட்டையும் அவிழ்க்காத கட்டையும் குனிந்து பார்த்தார். வேடிக்கை பார்க்க வந்த பிள்ளைகள் என்னை நெருக்கித் தள்ளிக்கொண்டு உள்ளே நுழைந்தார்கள். யாரோ மேசைக்காலில் இடித்தார்கள். குழாய்க்குள் சிவப்பு லேசாக ஆடியது.

"எலே, தள்ளாத! எல்லாரும் வெளிய போங்க!" என்று துறைத்தலைவர் அதட்டினார். அவர் குரலை அவ்வளவு உயரத்தில் நான் கேட்டதே இல்லை. "டாக்டரே, கதவ அடைங்க. குழாய் அனங்கப்பிடாது, ஒரு துளி அசையப்பிடாது."

பிள்ளைகளை வெளியே தள்ளிக் கதவை அடைத்தேன். சன்னல் வழியாகப் பார்த்தால், அவர் ஒரு முக்காலியை இழுத்துப் போட்டு என் கணவரின் கால்மாட்டில் உட்கார்ந்திருந்தார்.

"வலி உண்டா?" என்று கேட்டார்.

"உண்டு சார்" என்றார் என் கணவர்.

ஏழு பேரும் அசையாமல் அந்தச் சாயத்தண்ணீரைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். சாவி என் கையில் இருந்தது. யாரும் அதைக் கேட்கவில்லை.